கூட்டெருத் தொட்டி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். அரை ஏக்கர் வளவு. வீடு போக மிச்சத்தில் கத்தரி, பச்சைமிளகாய், பயிற்றை, கொஞ்சம் கீரை வைத்திருக்கிறோம். ஆறு தென்னையும் நிற்கிறது. போன ஐப்பசியில் வளவின் கோடியில் நாலடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, குசினிக் கழிவையெல்லாம் அதில் போட்டு வந்தேன். கார்த்திகை மழையில் குழி நிரம்பி நாற்றம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. புழு வேறு. மாமி ஏசி ஏசி, கடைசியில் மூடிவிட்டோம். இப்போது கிளிநொச்சியில் ஒரு கடையில் 200 லீற்றர் பிளாஸ்டிக் கூட்டெருத் தொட்டி ஒன்று பார்த்தேன். எங்கள் ஒரு மாதக் கறிக்காசுக்கு மேலே விலை சொல்கிறார்கள். வாங்கினால் சரிவருமா? மலிவாக நாங்களே ஏதும் செய்துகொள்ளலாமா? கட்டாக்காலி மாடுகளும் மாமியின் கோழிகளும் எதையும் விட்டுவைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

தங்கச்சி, தொட்டியை வாங்க வேண்டாம். அது கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் மூன்று பேர்ச் காணியில் இருப்பவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அரை ஏக்கர் வளவும், சுற்றி வயலும், ஊரெல்லாம் மாடும் இருக்கிற உங்களுக்கு அது தேவையில்லை. இன்னொன்று, உங்கள் குழியிலும் பிழையில்லை. அதை வெட்டிய மாதம்தான் பிழை.

விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் வீட்டுத்தோட்ட வகுப்புக்குப் போகிற இடமெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: குழி கோடைக்கு, குவியல் மாரிக்கு. எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நேரம் நாலடிக் குழி கூட்டெருக் குழியாக இருக்காது, சின்னக் குளமாகிவிடும். தண்ணீர் நின்ற இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் கழிவை உக்கவைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்து, ஒட்சிசன் இல்லாமலே வாழத் தெரிந்தவை பெருகும். கூழ்முட்டை மணம் அவற்றின் வேலைதான். அந்த ஊத்தைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் போகும். மாமி ஏசியதில் நியாயம் இருக்கிறது.

கோடையில் கதை தலைகீழ். சோளகக் காற்றுக்கு இரண்டு நாள் கொடியில் கிடந்த துணிபோலக் குவியல் காய்ந்துவிடும். காய்ந்த குவியல் ஆறு மாதம் கிடந்தாலும் வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கும், கறையான் மட்டும் வந்து குடியேறும். அதனால் கோடையில் ஒன்றரை அடி நிலத்துக்குள்ளும் ஒன்றரை அடி வெளியிலுமாக அரைக்குழி போடுவதுதான் எங்கள் காலநிலைக்குத் தோது. கடைத்தொட்டிக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் விற்பது எல்லா ஊருக்கும் ஒரே தொட்டி.

சரி, தொட்டி என்பது என்ன? ஒரு வேலி, ஒரு மூடி. அவ்வளவுதான். உக்கவைப்பது தொட்டி இல்லை, உள்ளே போகிற சாமானும் ஈரமும் காற்றும். ஆனால் ஒரு அளவு மட்டும் முக்கியம். ஒரு கன மீற்றருக்குக் கிட்ட இருந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்திருக்கும். நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறினால் களைவிதையும் நோய்க்கிருமிகளில் பெரும்பங்கும் செத்துப்போகும். 200 லீற்றர் என்பது அதில் ஐந்திலொரு பங்கு. அதற்குள் சூடு நிற்காது. உக்கும், ஆனால் ஆறுதலாக உக்கும், களைவிதையும் உயிரோடு வெளியே வரும்.

இனி வேலி. உங்கள் வளவில் என்ன கிடக்கிறது என்று முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வன்னியில் எந்த வளவிலும் இரண்டு தகரத் துண்டும் ஒரு பழந்தறப்பாளும் கிடக்காமல் இராது. மீள்குடியேறின காலத்திலிருந்து நாங்கள் எதையும் எறிந்து பழகவில்லை.

எனக்குப் பிடித்த முறை கதியாலும் கருக்குமட்டையும். நாலடி நீள அகலத்தில் சதுரமாக அளந்து, மூலைக்கு ஒன்றாகப் பூவரசோ கிளுவையோ நாலு கதியால் நடுங்கள். பச்சைத் தடி என்பதால் கறையான் இலகுவில் தொடாது, வேர்விட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இடையில் பனங்கருக்குமட்டைகளைப் படுக்கையாக அடுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். மட்டைக்கு மட்டை இரண்டு விரல் இடைவெளி போதும், காற்று போகும், கோழி போகாது. கருக்கின் வாள்ப்பல்லில் மூக்கை வைத்த மாடு மறுபடி வைக்காது. முன்பக்க மட்டைகளை மட்டும் கழற்றக்கூடிய மாதிரி விடுங்கள். இல்லாவிட்டால் புரட்டுகிற நாளில் என்னைத்தான் திட்டுவீர்கள். மட்டை ஓரிரண்டு வருடத்தில் உளுத்துப்போகும். போகட்டும், அதையும் உள்ளே போட்டுவிட்டுப் புதிது கட்டுங்கள். ஒரே ஒரு குறை, பூவரசு வேர் எருவுக்கு ஆசைப்பட்டு உள்ளே வரும். மூன்று நாலு மாதத்துக்கொருமுறை எருவை அள்ளிவிட்டால் அது பெரிய தொல்லையில்லை. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எரு மரத்துக்குத்தான்.

பனை கிட்ட இல்லையென்றால் கம்பி வலை. நாலடி விட்டத்தில் வட்டமாக வளைக்கப் பதின்மூன்றரை அடி வலை வேண்டும், உயரம் மூன்றடி. இரண்டு நுனியையும் கட்டுக்கம்பியால் இணைத்தால் கூடு தயார். புரட்ட வேண்டிய நாளில் கம்பியை அவிழ்த்து, கூட்டைப் பக்கத்தில் நிறுத்தி, குவியலை அதற்குள் அள்ளிப் போடலாம். வசதியென்றால் இதுதான் வசதி. கோடையில் மட்டும் உள்பக்கம் உரப்பையைக் கிழித்து விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் காய்ந்துவிடும். கோழிக்கூட்டுக்கு வாங்கின வலையில் மிச்சம் யாரிடமும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வெடித்துப்போன பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி கிடைத்தால் அதிர்ஷ்டம். அடியை வெட்டி எடுத்துவிட்டு மண்ணில் நிறுத்தி, பக்கங்களில் ஒரு சாணுக்கு ஒன்றாக ஓட்டை போட்டால், நீங்கள் கடையில் பார்த்த தொட்டியின் அண்ணன் மாதிரி இருக்கும். பரல் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பூச்சிநாசினியோ வேறு இரசாயனமோ வந்த பரல் வேண்டவே வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும். அடியில் ஓட்டை இல்லாத பரலில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்று வீட்டில் முடிவாகிவிட்டால், கடைக்குப் போக முதல் பிரதேச சபையிலும் கமநல சேவை நிலையத்திலும் மானியத் தொட்டி ஏதும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இடம்: கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, பின்னேர வெயில் படாத மரநிழலில், மாரித் தண்ணீர் ஓடாத மேட்டில். வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கறையானுக்கு நாங்களே பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். தென்னையடியிலும் வேண்டாம். காரணத்தைப் புழுக் கதையில் சொல்கிறேன்.

அரைக்குழி வெட்ட ஏற்கெனவே தோண்டிய இடத்தையே பாருங்கள், புதிய இடத்தில் அலவாங்கு போடாதீர்கள். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணியென்றாலும் எங்கள் மண்ணில் ஆழத் தோண்டும்போது அவதானம் வேண்டும். இரும்பாக ஏதும் தட்டுப்பட்டால் கையை வைக்காமல், விலகி வந்து, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். பழைய பங்கர் கிடங்கு சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குள் குப்பை போடுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. வேண்டாம். குப்பைக்குத் தீ வைத்த இடத்தில் புதைந்து கிடந்த வெடிபொருள் வெடித்துக் காயப்பட்டவர்களை வன்னிக்குத் தெரியும். சருகைக் கூட்டி எரிக்காமல் கூட்டெருவுக்குப் போடச் சொல்லி நான் நச்சரிப்பதற்கு மண்வளம் மட்டும் காரணமில்லை.

மாதம் போக, உள்ளே என்ன போடுவது என்பதிலும் நீங்கள் தவறிவிட்டீர்கள். குசினிக் கழிவு மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது முழுக்கத் தண்ணீரும் நைதரசனும். அதற்குச் சோடியாகக் காபன் நிறைந்த காய்ந்த சாமான் வேண்டும். நுண்ணுயிருக்குப் பிடித்த கலவை, நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு. வைக்கோலில் ஒன்றுக்கு எண்பதளவில் இருக்கும், சாணத்தில் இருபதளவில், சீமைக்கிளுவை இலையில் அதைவிடக் குறைவு. வைக்கோலை மட்டும் போட்டால் அசையாது, பச்சையை மட்டும் போட்டால் நாறும், கலந்தால் ஓடும். இந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. கண்ணளவில் காய்ந்தது இரண்டு கடகம், பச்சை ஒரு கடகம்.

காலபோக அறுவடை முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள், நல்ல நேரம். வயலில் எரிக்கப்போகிற வைக்கோலைக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், அள்ளிக்கொண்டு போனால் சந்தோஷம் என்பார்கள். அடியில் பொச்சுமட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) ஒரு வரிசை பரப்புங்கள். அவை இலகுவில் உக்காது, ஆனால் கோடையில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாரியில் வடியவும் விடும். அதற்கு மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலும் சருகும் ஆறு அங்குலம், பச்சை இலையும் மரக்கறிக் கழிவும் மூன்று அங்குலம், பிறகு ஒரு வாளி சாணக் கரைசல், தோட்டத்து மேல்மண் இரண்டு கைப்பிடி. இப்படியே மூன்றடி வரும்வரை. சாணத்துக்குப் பட்டிக்காரரிடம் சொல்லி வையுங்கள். சீமைக்கிளுவை வேலியில் நிற்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். மாமியின் கோழி எருவும் நல்லதுதான், ஆனால் சூடு கூடியது, கொஞ்சமாகத் தூவுங்கள்.

ஈரத்துக்கு ஒரு சோதனை போதும். உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. வழிந்தால் ஈரம் அதிகம், ஒன்றுமே வராமல் கை காய்ந்திருந்தால் குறைவு. கோடையில் நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம், அரிசி கழுவின தண்ணீரும் மரக்கறி கழுவின தண்ணீரும் போதும். மேலே பழஞ்சாக்கோ கிடுகோ போட்டு மூடுங்கள். மாரி பிடித்ததும் அதற்கு மேல் தறப்பாள், நாலு பக்கமும் கல் வைத்து.

வைத்த ஐந்தாம் நாள் அலவாங்கை நடுவில் இறக்கி, பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டால் வேலை நடக்கிறது. சுடாவிட்டால் அநேகமாக ஈரமோ சாணமோ பற்றாக்குறை. சூடு ஏறி இறங்கின பிறகு, மூன்று கிழமை போல, புரட்டுங்கள். வெளிப்பக்கம் கிடந்தது உள்ளே, உள்ளே கிடந்தது வெளியே. இன்னும் மூன்று கிழமையில் இன்னொரு தரம்.

தினம் தினம் வருகிற குசினிக் கழிவை மேலே கொட்டக் கூடாது. கோழியையும் நாயையும் வெற்றிலை வைத்து அழைக்கிற வேலை அது. மூடியுள்ள பழைய பெயின்ற் வாளி ஒன்றைக் குசினி வாசலில் வையுங்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, தேங்காய்ப்பூச் சக்கை எல்லாம் அதற்குள். ஒவ்வொரு தரமும் மேலே ஒரு கை உமியோ சருகோ தூவுங்கள். நிரம்பினதும் குவியலின் நடுவைப் பிரித்து, கொட்டி, மூடுங்கள். கடைசிப் புரட்டலுக்குப் பிறகு அதே குவியலுக்குள் போடாமல் அடுத்த குவியலுக்கென்று ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் எரு ஒருநாளும் தயாராகாது. மிஞ்சின சோறும் கறியும் கோழிக்கு. மீன் தலை, குடல் இரண்டும் குவியலுக்கு வேண்டாம், ஒன்றரை அடி ஆழத்தில் வாழையடியில் தாழ்த்துவிடுங்கள். பார்த்தீனியம் பிடுங்கினால் பூத்ததைப் போடக் கூடாது. வெறுங்கையால் பிடுங்கவும் கூடாது, தோல் அரித்துக்கொட்டும்.

இப்போது புழு. நீங்கள் எழுதிய ‘புழு’ எது என்று தெரிந்தால் மாமியின் கோபத்தில் பாதி குறையும். அரிசி போல வெள்ளையாய் நெளிவது வீட்டு ஈயின் புழு. கழிவு திறந்து கிடக்கிறது, ஈரம் அதிகம் என்று அர்த்தம். வைக்கோல் போட்டு மூடினால் போய்விடும். சாம்பல் கலந்த மண்ணிறத்தில், தட்டையாய், கணுக்கணுவாக ஓடுவது படைவீரன் ஈ என்கிற கருநிற ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் இருக்காது, அதன் புழுவோ கழிவை விழுங்கித் தள்ளும். அதைக் கண்டால் கும்பிட்டுவிட்டு மூடுங்கள். மூன்றாவதுதான் கள்ளன். பெருவிரல் பருமனில், வெள்ளை உடம்பும் மண்ணிறத் தலையுமாக, வில்லுப்போல வளைந்து கிடக்கும். அது தென்னங்குருத்தைத் துளைக்கிற கருவண்டின் பிள்ளை, காண்டாமிருக வண்டு என்றும் சொல்வார்கள். சாணக் கும்பியிலும் உக்கிய குவியலிலும்தான் தாய் வண்டு முட்டையிடும். ஆறு தென்னை வைத்திருக்கிற நீங்கள் குவியலைப் புரட்டாமல் ஆறு மாதம் விட்டால், எருவோடு சேர்த்து வண்டையும் வளர்க்கிறீர்கள். தென்னையடி வேண்டாம் என்றது இதற்காகத்தான். எருவாக மாறுகிற காலத்தை விட வண்டாக மாறுகிற காலம் அதிகம், ஆகவே நேரத்துக்குப் புரட்டி நேரத்துக்கு அள்ளினால் அது வண்டாகாது. ஒரு வீட்டில் இரண்டு வருடம் தொடாத சாணக் கும்பியைக் கிளறியபோது வாளி நிறையப் புழு எடுத்தோம். அந்த வளவின் தென்னை ஓலையெல்லாம் கத்தரியால் வெட்டின விசிறிபோல இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

கறையானுக்கு மருந்து அடிக்க வேண்டாம். கறையான் வந்தால் குவியல் காய்ந்திருக்கிறது என்று பொருள், இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் புரட்டுங்கள். பாம்புக்கும் காய்ந்து கிடக்கிற குவியல்தான் பிடிக்கும். வெறுங்கையால் கிளறாமல், முதலில் தடியால் தட்டிவிட்டு மண்வெட்டியைப் போடுங்கள்.

மாசியில் வைத்தால் வைகாசி கடைசியில் எரு அள்ளலாம். கறுப்பாய், பொலபொலவென்று, மழை பெய்த மண் மணத்தோடு, போட்டது எதுவென்று அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தால் பொறுங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்களே, அந்த இடைவெளிக்குள் அரைகுறையாய் உக்கினதையெல்லாம் பையில் கட்டிக் கூட்டெரு என்று விற்றதைக் கண்டேன். உக்காததை மண்ணில் போட்டால் அது உக்குவதற்கே மண்ணின் நைதரசனை இழுக்கும், பயிர் மஞ்சளடிக்கும். வாங்கிப் போட்டவர்கள் சேதனப் பசளையே சரியில்லை என்று ஏசினார்கள்.

மூன்றடிக் குவியல் ஓரடிக்குக் கிட்ட இறங்கும், பயப்பட வேண்டாம். பாத்தியில் ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ போட்டு மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுகிற குழியில் இரண்டு கைப்பிடி. அடுத்த குவியலை ஆடி பிறக்க வையுங்கள், ஐப்பசி மழைக்கு நாற்று நடும்போது எரு கையில் இருக்கும். அந்தக் குவியல் மாரிக்குள் போகப்போவதால் அரைக்குழி வேண்டாம். குழியை மண்ணால் நிரப்பி, மட்டத்துக்கு மேலே பொச்சுமட்டை பரப்பித் தொடங்குங்கள்.

மாமிக்கு ஒரு வேலை இருக்கிறது. புரட்டுகிற நாளில் காலையில் கோழிகளுக்குத் தீன் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். முன்பக்க மட்டைகளைக் கழற்றி, எருவை வெளியே இழுத்துப் பரப்பிவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிடுங்கள். அரை மணித்தியாலத்தில் கருவண்டுப் புழு ஒன்றும் மிஞ்சாது. பிறகு கோழிகளைத் துரத்துவதுதான் கஷ்டம்.